ஈரக்கால் தடம்

முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். வேலூர்ப் பக்கத்துப் பையன்களுக்குப் பட்டாளம்தான் கனவு. ஆள்சேர்ப்புக்கு முன்னால் அவர்களை ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நிற்கச் சொல்வேன். தடத்தின் உள்பக்கம் குழிந்திருந்தால் நிம்மதி. உள்ளங்கால் முழுக்கப் பதிந்தால் தட்டைக்கால். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடிய ஒரு பையனிடம், இந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு, "வேற வேலை பாருப்பா" என்று சொல்லிவிட்டேன். அது தவறு என்று பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தட்டைக்கால்காரன் நெடுநடைக்கு ஆக மாட்டான் என்ற எண்ணம் இரண்டு உலகப் போர்களிலும் படைகளில் வேரூன்றியிருந்தது. அதை அளந்து பார்த்தவர்கள் கனடா மருத்துவர்கள் ஹாரிஸும் பீத்தும். 1944–45இல் 3,619 படைவீரர்களின் பாதங்களைச் சோதித்தார்கள். வெவ்வேறு உயரத்தில் வரப்புகள் கொண்ட ரப்பர் விரிப்பில் மை தடவி, அதன்மேல் நிற்கவைத்துத் தடம் எடுத்தார்கள். அழுத்தம் கூடிய இடம் கருமையாக விழும். வளைவு தாழ்ந்திருந்தாலும் மூட்டுகள் இளகி, தசை வலுவாக இருந்தால் அந்தக் கால் நல்ல கால்தான் என்பது அவர்கள் கண்ட முடிவு. குதிகால் தசைநாண் குட்டையாக இருப்பதும், பாத எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதும்தான் தொல்லை தந்தன.

1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, காலாட்படைப் பயிற்சியிலிருந்த 246 இளைஞர்களைப் பார்த்தது. தட்டைக்கால்காரர்களுக்குக் காயம் கூடவில்லை. வளைவு மிக உயர்ந்தவர்களே அதிகம் அடிபட்டார்கள்.

தட்டைக்கால் யாருக்கு அதிகம் வருகிறது என்பதை நம் பக்கத்திலேயே, மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைச் சோதித்து 1992இல் எழுதினார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைக்கால். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான்.

நம் ராணுவத்தின் அதிகாரிகளுக்கான மருத்துவ விதியும் தடத்தோடு நிற்பதில்லை. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, நுனிக்காலில் நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்து, பாதம் வலியில்லாமல் இளக்கமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது.

பி.டி. ஆசிரியர்களே, ஈரத்தடத்தை மட்டும் பார்த்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள், ஓடச் சொல்லுங்கள், வலிக்கிறதா என்று கேளுங்கள்.