குத்துச்சண்டையும் கொண்டாடும் உரிமையும்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் களத்தில் நின்ற இருவரைப் பற்றியே எழுதுகின்றனர். யார் வென்றார், எத்தனையாவது சுற்றில் வென்றார், பரிசுத்தொகை எவ்வளவு என்பனவற்றோடு அவ்வரலாறு முடிந்துவிடுகிறது. களத்துக்கு வெளியே நின்ற பெருங்கூட்டம் அந்த வெற்றியை என்ன செய்தது, அந்த வெற்றி அக்கூட்டத்தை என்ன செய்தது என்னும் கேள்வி அரிதாகவே எழுகிறது. அமெரிக்காவில் நடைபெற்ற இரண்டு குத்துச்சண்டைப் போட்டிகளை அக்கேள்வியோடு அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையில் நம் நோக்கம். ஒன்று 1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் நடந்தது. மற்றொன்று 1938ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் நியூயார்க்கில் நடந்தது. இரண்டும் ஹெவிவெயிட் எனப்படும் மிகுஎடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்கானவை. இரண்டிலும் வென்றவர் கறுப்பினத்தவர்.

அந்நாளில் இப்பட்டம் வெறும் விளையாட்டுப் பட்டமாகக் கருதப்படவில்லை. உலகில் வலிமை மிக்க ஆடவன் யார் என்ற வினாவுக்கான விடையாகவே அது கொள்ளப்பட்டது. அவ்விடை கறுப்பு நிறத்தில் அமைந்துவிடலாகாது என்பதற்காக, ஜான் எல். சல்லிவன் முதலான வெள்ளை வீரர்கள் பட்டத்துக்காகக் கறுப்பின வீரர்களுடன் மோத மறுத்துவந்தனர். பட்டம் பெற்ற பின் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸும் அவ்வழக்கத்தையே பின்பற்றி, 1905இல் தோல்வியே காணாதவராக ஓய்வு பெற்றார்.

அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு, டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் 1878இல் பிறந்தவர் ஜாக் ஜான்சன். அப்போதைய பட்டத்தாளர் டாமி பர்ன்ஸை நாடு நாடாகத் தொடர்ந்து சென்று, இறுதியில் 1908 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அவரைக் களத்தில் சந்தித்தார். பதினான்காம் சுற்றில் காவலர் புகுந்து நிறுத்தும் அளவுக்கு அப்போட்டி ஒருதலையாக இருந்தது. அங்கிருந்து செய்தி அனுப்பிய எழுத்தாளர் ஜாக் லண்டன், ஜெஃப்ரீஸ் தம் பண்ணையை விட்டு வெளியே வந்து ஜான்சனின் முகத்திலுள்ள சிரிப்பை அகற்ற வேண்டும் என்று எழுதினார். பட்டத்தை மீட்க வேண்டும் என்பதோடு நில்லாமல் சிரிப்பை அகற்ற வேண்டும் என்றது கவனிக்கத்தக்கது. கறுப்பின மனிதர் ஒருவர் வென்றார் என்பதை விட, வென்றபோது மகிழ்ந்தார் என்பதே வெள்ளைச் சமூகத்தை மிகுதியும் உறுத்தியது.

ஜெஃப்ரீஸ் வந்தார். போட்டியை சான் பிரான்சிஸ்கோவில் நடத்தக் கலிஃபோர்னிய ஆளுநர் தடை விதித்ததால் களம் ரீனோவுக்கு மாறியது. ஏற்பாட்டாளரான டெக்ஸ் ரிக்கார்டே நடுவராகவும் நின்றார். 45 சுற்றுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட அப்போட்டி பதினைந்தாம் சுற்றில் முடிந்தது. முன்னாள் பட்டத்தாளர் ஜேம்ஸ் கார்பெட் ஜெஃப்ரீஸின் பக்கத்தில் நின்று ஏசிக்கொண்டிருக்க, ஜான்சன் சிரித்தபடியே அவருக்கு மறுமொழி கூறிக்கொண்டு சண்டையிட்டார். ஜெஃப்ரீஸ் தம் குத்துச்சண்டை வாழ்வில் முதன்முறையாகத் தரையில் வீழ்த்தப்பட்டார்.

வானொலி இல்லாத காலம் அது. ஒவ்வொரு சுற்றின் நிலையும் தந்தி வழியே நகரங்களுக்குப் பறந்தது. பத்திரிகை அலுவலகங்களின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்று, அறிவிப்புகளுக்காகக் காத்திருந்தனர். சிகாகோவில் கறுப்பினத்தவர் நடத்திய பெக்கின் அரங்கில் ஜான்சனின் தாயார் அமர்ந்து, தந்திகள் படிக்கப்படுவதைக் கூட்டத்தோடு கேட்டார். வெற்றிச் செய்தி வந்தபோது அவ்வரங்கில் எழுந்த ஆரவாரத்தை நாம் எளிதில் ஊகிக்கலாம். ஆனால் அதே செய்தி பிற தெருக்களில் வேறு விதமாகப் பொருள் கொள்ளப்பட்டது.

அன்று மாலையும் இரவும் நாட்டின் பல நகரங்களில் வெள்ளையர் கூட்டங்கள் கறுப்பினத்தவரைத் தேடித் தேடித் தாக்கின. டிராம் வண்டிகளிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தனர். ஜான்சன் பெயரைச் சொல்லி உரக்க மகிழ்ந்ததே சிலருக்குக் குற்றமாயிற்று. இறந்தோர் எண்ணிக்கையைப் பற்றிய கணக்குகள் வேறுபட்டாலும், இருபது பேர் அளவில் உயிரிழந்தனர் என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டவை. பின்னாளில் ஜாஸ் இசையின் பெருங்கலைஞராக உயர்ந்த லூயி ஆம்ஸ்ட்ராங் அப்போது நியூ ஆர்லியன்ஸில் ஒன்பது வயதும் நிரம்பாத சிறுவர். ஜான்சன் வென்றுவிட்டார், ஓடு என்று பிற சிறுவர்கள் தம்மை எச்சரித்ததை அவர் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். தம் இனத்தவர் வென்ற செய்தி, ஒரு சிறுவனின் செவியில் ஓடச் சொல்லும் எச்சரிக்கையாக வந்து சேர்ந்தது. இதனினும் கொடிய முரண் வேறொன்று உண்டோ என நமக்குத் தோன்றவில்லை.

அதன் பின் நடந்தவை, அச்சிரிப்பை அகற்றுவதற்கான அரசின் முயற்சிகள் எனலாம். போட்டியின் திரைப்படத்தைக் காட்டப் பல மாநிலங்களும் நகரங்களும் தடை விதித்தன. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வதையே அமெரிக்க நாடாளுமன்றம் தடை செய்தது. அச்சட்டம் 1940 வரை நீடித்தது. கண்ணால் கண்டு மகிழ்வதும் கூடாது என்பதே அதன் உட்பொருள். வெள்ளை இனப் பெண்களுடனான ஜான்சனின் உறவுகளைக் காரணமாக்கி, 1913இல் மான் சட்டத்தின் கீழ் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நாட்டை விட்டு வெளியேறிய அவர் 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். 1920இல் திரும்பி வந்து சிறை சென்றார். அவ்வழக்கில் அவருக்கு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது 2018இல்தான். அவர் இறந்து அப்போது ஏறத்தாழ 72 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜான்சனுக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் இப்பட்டத்துக்கான வாய்ப்பு தரப்படவில்லை. 1937இல் பிராடாக்கை வென்று அத்தடையை உடைத்தவர் ஜோ லூயிஸ். ஆனால் அவர் எத்தகைய நிபந்தனைகளின் பேரில் களமிறக்கப்பட்டார் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளை இனப் பெண்ணுடன் புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, வீழ்ந்த எதிராளியைக் கண்டு களிக்கக் கூடாது என்றெல்லாம் அவருடைய மேலாளர்கள் விதிகளை வகுத்தனர். பத்திரிகைகளும் அவற்றைப் பரப்பின. சுருங்கச் சொன்னால், லூயிஸ் ஜான்சனாக இருத்தல் கூடாது. வென்றவரின் முகம் சலனமற்றிருக்க வேண்டும். 1910இல் வீரர் சிரித்தார். அதற்கான விலையை மக்கள் தந்தனர். இப்போதோ, மக்கள் மகிழ்வதற்கான விலையை வீரர் முன்கூட்டியே தம் முகத்தால் செலுத்தினார்.

அம்மகிழ்ச்சியின் முதற்பதிவுகளில் ஒன்றை எழுதியவர் ரிச்சர்ட் ரைட் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தி. 1935இல் லூயிஸ் மாக்ஸ் பேயரை வீழ்த்திய இரவில், சிகாகோவின் தென்பகுதித் தெருக்களில் மக்கள் வெள்ளமெனப் பெருகியதையும், முன்பின் அறியாதவர்கள் கைகுலுக்கிக்கொண்டதையும் அவர் 'நியூ மாசஸ்' இதழில் எழுதினார். புகழ் பெற்ற நாவல் எதனையும் அவர் அப்போது வெளியிட்டிருக்கவில்லை. மறு ஆண்டு, 1936 ஜூன் 19 அன்று, ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் லூயிஸைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தியபோது, ஹார்லெமின் ஏழாம் அவென்யூவில் வளர்ந்த ஆடவர்கள் குழந்தைகளைப் போல் அழுததைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பதிவு செய்துள்ளார். லூயிஸின் குறையை முன்பே கண்டறிந்து ஷ்மெலிங் மீது பந்தயம் கட்டியிருந்த ஜான்சன், தம் முன்னறிவைப் பறைசாற்றி, ஒருகாலத்தில் தமக்காக ஆர்ப்பரித்த மக்களின் வெறுப்பையே ஈட்டிக்கொண்டார்.

1938 ஜூன் 22. யாங்கி அரங்கில் எழுபதாயிரம் பேர். வானொலியின் முன் பல கோடிப் பேர். ஜெர்மனியில் பின்னிரவு கடந்தும் மக்கள் விழித்திருந்து கேட்டனர். ஷ்மெலிங் நாஜிக் கட்சியின் உறுப்பினர் அல்லர். அவருடைய மேலாளரே யூதர். ஆயினும் ஹிட்லர் அரசு அவரைத் தன் சின்னமாக்கிக்கொண்டிருந்தது. போட்டி 124 வினாடிகளில் முடிந்தது. ஆற்றுக்கு அப்பாலிருந்த ஹார்லெமில் மக்கள் தெருக்களில் திரண்டனர். காவல் துறை ஆணையர் ஏழாம் அவென்யூவின் ஒரு பகுதியில் போக்குவரத்தை நிறுத்தி, அவ்விரவை மக்களிடமே விட்டுவிட்டார்.

இருபத்தெட்டு ஆண்டுகளில் நாடு திருந்திவிட்டது என்று இதற்குப் பொருள் கூறுவது எளிது. நாம் அவ்வாறு கூறத் தயங்குகிறோம். எதிரே நின்றவர் ஜெர்மானியர் என்பதால், அன்று வெள்ளை அமெரிக்கர் பலரும் லூயிஸின் வெற்றியை விரும்பினர். கறுப்பினத்தவரின் மகிழ்ச்சி நாட்டின் மகிழ்ச்சியோடு ஒத்துப்போனதாலேயே அதற்குத் தெரு திறந்துவிடப்பட்டது. சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போரின்போது அதே லூயிஸ் நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட படையில்தான் சேவை செய்தார்.

மாயா ஏஞ்சலுவின் முதல் தன்வரலாற்று நூல் 1969இல் வெளிவந்தது. அர்க்கன்சா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்னும் சிற்றூரில், அவருடைய பாட்டியின் கடையில் மக்கள் நெருக்கியடித்து நின்று லூயிஸின் போட்டியை வானொலியில் கேட்கும் காட்சி அதில் உண்டு. லூயிஸ் வென்றுவிடுகிறார். அனைவரும் களிக்கின்றனர். ஆனால் தொலைவிலிருந்து வந்தவர்கள் அன்றிரவு ஊருக்குள்ளேயே தங்க ஏற்பாடு செய்துகொள்கின்றனர். அப்படியோர் இரவில் கறுப்பினக் குடும்பம் தனி வழியில் அகப்பட்டுக்கொள்ளலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஹார்லெமின் தெருவில் ஆடிப்பாடியவர்களும், ஸ்டாம்ப்ஸில் வீடு திரும்ப அஞ்சித் தங்கியவர்களும் கொண்டாடியது ஒரே வீரரைத்தான். அவ்வீரரின் வெற்றிகளுக்குக் கணக்கு உண்டு. வானொலியை அணைத்த பின் அந்த ஊரிலேயே தங்கியவர்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. விளையாட்டு வரலாற்றைப் படிக்கும்போது அவர்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.