விற்பனைக்கு வந்த பலகை வீடுகள்



பழைய பலகை வீடு ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றால் நமக்கு என்ன தோன்றும்? வீட்டுக்காரர் விற்கிறார் என்றுதானே? போர்ட்டிக்சன் பக்கம் சுவாவைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "தாத்தா வீட்டை விற்றது யார்?" தாத்தா இல்லை. அவரால் விற்கவே முடியாது.

நெகிரி செம்பிலானில் மர வீட்டுக்கு மதிப்பில்லை என்று சொல்ல வழியில்லை. ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையை 1902 முதல் 1908 வரை, ஆணி அடிக்காமல், 99 தூண்கள் நிறுத்திக் கட்டினார்கள். கட்டிய தச்சர்கள் காஹாரும் தாயிப்பும். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரிகிறது! அம்பாங் திங்கி அரண்மனையை 1953இல் பிரித்துக்கொண்டு வந்து சிரம்பானில் மறுபடியும் பூட்டினார்கள். மர வீடு என்றால் பிரிக்கலாம், சுமக்கலாம், வேறு இடத்தில் நிறுத்தலாம்.

நம் லயங்களும் மரம்தான். பழைய லயங்கள் பல கால் நட்டுத் தூக்கிக் கட்டியவை. மேலே படுக்கை, கீழே அடுப்பு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். நடுவில் வெறும் பலகைச் சுவர். இந்த வீட்டுக் குழந்தை அழுதால் அடுத்த வீட்டுத் தொட்டில் ஆடும் என்பார்கள். அந்தப் பலகையை அறைந்த தச்சன் யார்? எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

வீடு வேலையோடு ஒட்டியது. பால் மரம் வெட்டும்வரை வீடு. வேலை போனால் வீடும் போச்சு. தோட்டம் கைமாறும்போது மரம், நிலம், லயம் எல்லாம் ஒரே பத்திரத்தில் கைமாறும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மேல்படிவ மாணவர்களுக்கு அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்த நெருக்கடியில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். கூலி வாங்கும் கை நிலம் வாங்கியது. ஆனாலும் எல்லாத் தோட்டத்தையும் அது எட்டவில்லை. பிறகு செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் சாய்ந்தன.

அரண்மனைக்கு ஓவியமும் அளவும் இருக்கின்றன. லயத்துக்கு இருப்பது பாட்டிகளின் நினைவு ஒன்றுதான். அடுத்த விடுமுறைக்கு இதையே வேலையாகக் கொடுங்களேன்: பாட்டியை உட்கார வைத்து, லயத்து அறையைத் தாளில் வரையச் சொல்ல வேண்டும். கதவு எங்கே, அடுப்பு எங்கே, சாமி படம் எந்தப் பலகையில் மாட்டியிருந்தது, அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள். வரைந்த தாளில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.