அடிநாச்சதையும் குருதிப் பெருக்கும்

தொண்டையின் இருமருங்கிலும் அமைந்துள்ள சிறு சதைகளை அடிநாச்சதை என்பர். டான்சில் என்றால் எல்லார்க்கும் எளிதில் விளங்கும். நம்மவருள் பலர் இதனை ‘உள்நாக்கு’ என்றே சொல்லிவிடுவர். உள்நாக்கு வேறு, அது நடுவே தொங்குவது. பெயர்க் குழப்பம் ஒருபுறமிருக்க, இச்சதையை அறுத்தெடுக்கும் மருத்துவத்தின் வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகட்குக் குறையாதது. அவ்வரலாறு நெடுகிலும் மருத்துவர் கையைத் தடுத்தும் திருத்தியும் வந்தது குருதிப் பெருக்கைப் பற்றிய அச்சமே எனலாம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் மருத்துவ நூல் யாத்த செல்சஸ், சதையை விரலால் சுற்றிலும் நெகிழ்த்திப் பெயர்த்தெடுக்கலாம் என்றார். இயலாவிடின் கொக்கியாற் பற்றிக் கத்தியால் அறுக்கலாம் என்றார். பின்னர்ப் புண்ணைக் காடியாற் கழுவிக் குருதியை நிறுத்தும் மருந்தைத் தடவச் சொன்னார். ஆறாம் நூற்றாண்டினரான ஏட்டியஸ் இன்னும் எச்சரிக்கையானவர். புடைத்து நிற்கும் பகுதியை மட்டுமே அறுக்க வேண்டும்; ஆழ அறுத்தால் குருதி பெருகும் என்பது அவர் கருத்து.

அவ்வச்சம் காரணமற்றதன்று. முகத்தமனியின் கிளையொன்று இச்சதைக்குக் குருதி கொணர்கிறது. சதையை ஒட்டியே சிரையொன்றும் ஓடுகிறது. கையிலோ காலிலோ காயமெனில் துணியால் இறுகக் கட்டலாம். தொண்டையில் எதைக் கட்டுவது? மூச்சு செல்லும் வழியன்றோ அது!

1828ஆம் ஆண்டளவில் பிலடெல்பியா நகர அறுவை மருத்துவர் பிலிப் சிங் பிசிக், உள்நாக்கை நறுக்கும் பழைய கருவியொன்றைத் திருத்தி அடிநாச்சதையை வெட்டப் பயன்படுத்தினார். மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. விரைந்து முடிப்பதே நோயாளிக்குக் காட்டும் இரக்கமாக இருந்தது. ஆயினும் கருவி வெட்டியது போக எஞ்சிய சதை மீண்டும் தொல்லை தந்தது. 1909இல் இலண்டன் மருத்துவர் வா என்பார் சதையை உறையோடு முழுமையாகப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார். மயக்கத்தில் கிடத்திப் பொறுமையாகச் செய்யும் இத்தகைய முறைகளில், குருதி கசியும் குழாயைக் கண்ணாற் கண்டு நூலால் கட்ட முடிந்தது.

அறுவை எளிதாயிற்று; எளிதானதும் மிகுந்தது. 1934இல் நியூயார்க்கில் வெளியான ஆய்வொன்று நம் போன்ற ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்கத்தக்கது. 1,000 பள்ளிப் பிள்ளைகளுள் 611 பேர்க்கு ஏற்கெனவே சதை அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரைச் சோதித்த மருத்துவர்கள் 174 பேர்க்கு அறுவை வேண்டுமென்றனர். வேண்டாமென விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவரிடம் காட்டியபோது 99 பேர்க்கு வேண்டுமென்றனர். மிஞ்சிய 116 பேரை மீண்டும் காட்டினர். 51 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்! எந்த வகுப்பைக் கொடுத்தாலும் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தோல்வியென்று குறிக்கும் தேர்வாளரை நாம் என்னென்போம்? இங்கிலாந்தின் ஹார்ன்சியில் பள்ளி மருத்துவ அலுவலர் மாறியதும், 1928இல் 186ஆக இருந்த அறுவைகள் 1929இல் 12ஆகக் குறைந்தன. 1938இல் கிளோவர் இதனை எடுத்துக்காட்டினார். தேவையின்றி மேசைமேல் கிடத்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் குருதிப் பெருக்கின் இடரையும் வீணே ஏற்றது என்பதை மறத்தலாகாது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றும் உண்டு. மாட்டுப் பித்து நோயோடு தொடர்புடைய மூளைநோய், அறுவைக் கருவிகள் வழியே பரவக்கூடுமென அஞ்சி, 2001 தொடக்கத்தில் இங்கிலாந்து அரசு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவிகளைப் புகுத்தியது. குருதிப் பெருக்கு மிகுந்ததாகச் செய்திகள் வரவே, அவ்வாண்டு திசம்பரிலேயே பழைய கருவிகள் திரும்பின. இதன்பின் 2003, 2004ஆம் ஆண்டுகளில் 33,921 நோயாளிகளை வைத்துக் கணக்கெடுத்தனர். 3.5 விழுக்காட்டினர்க்குக் குருதிப் பெருக்கு நேர்ந்திருந்தது. மின்வெப்பத்தால் சுட்டு அறுத்தவர்களிடம் அது மிகுதி. கத்தியால் பிரித்து நூலால் கட்டிய பழைய முறையில் குறைவு. குருதியை நிறுத்தவென்று வந்த சூடே பின்னர்க் குருதிக்கு வழிவிட்டது வியப்பே.

‘பின்னர்’ என்றதற்குப் பொருளுண்டு. அறுவை முடிந்த 24 மணி நேரத்துள் வருவது ஒருவகை. பெரும்பாலும் 5 முதல் 10 நாள்களுக்குள், புண்மேற் படிந்த பொருக்கு கழலுங்கால் வருவது மற்றொன்று. அக்கணக்கிலும் இரண்டாம் வகையே மிகுதி. பிள்ளை ஓரளவு தேறி, வகுப்பிற்கு எப்போது அனுப்பலாமெனப் பெற்றோர் எண்ணும் நாள்கள் அவை. சிறுவர் குருதியைத் துப்பாமல் விழுங்கிவிடுவர். வெளியே ஒன்றும் தெரியாது. உறங்கும் பிள்ளை ஓயாது எச்சில் விழுங்குவதுபோல் தொண்டையை அசைத்துக்கொண்டிருந்தால், விடியட்டுமெனக் காத்திராமல் விளக்கேற்றி வாயைப் பார்த்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.