கைக்குள் ஒரு யுத்தம் – 9: மூன்று மாப்பிள்ளைகள்

போன வாரம் நின்டென்டோவின் வடிவமைப்பாளர் கும்பெய் யோகோயைக் கியோட்டோவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியோடு விட்டுவிட்டு வந்தோம். பெட்டியின் பெயர் கேம் பாய். நான்கு பென்சில் பேட்டரி, பாசிப் பச்சைத் திரை, இடது கட்டைவிரலுக்குச் சிலுவைப் பொத்தான், வலது கட்டைவிரலுக்கு இரண்டு உருண்டைப் பொத்தான். எல்லாம் தயார். அமெரிக்காவில் விற்கும்போது எந்த கேமை இதோடு சேர்த்துக் கொடுப்பது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நின்டென்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் மினோரு அரகாவா நினைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்தவர் வேறொரு பெயரைச் சொன்னார்.

யார் அந்த ஆள்?

ஹென்க் ரோஜர்ஸ். பிறந்தது நெதர்லாந்தில், வளர்ந்தது நியூயார்க்கில், பிழைப்பு ஜப்பானில். 1984-இல் ‘தி பிளாக் ஆனிக்ஸ்’ என்ற கம்ப்யூட்டர் கேமை எழுதி விற்று அங்கே காலூன்றியவர். நின்டென்டோவின் பெரிய முதலாளி ஹிரோஷி யமவுச்சிக்கு ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தின் மேல் பைத்தியம். ரோஜர்ஸும் அதை ஆடுவார். லேசில் யாருக்கும் முகம் கொடுக்காத யமவுச்சியிடம் அவர் நெருங்கியது அப்படித்தான். அரகாவா அந்த யமவுச்சியின் மருமகன். ஆகவே ரோஜர்ஸ் சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆள் இருந்தது.

அரகாவாவின் மனதில் இருந்தது மாரியோ. வேறு யாரை வைப்பார்? மீசை வைத்த அந்தக் குழாய் ரிப்பேர்க்காரர்தான் நின்டென்டோவை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தவர். போதாக்குறைக்கு யோகோயின் குழுவே புதுப் பெட்டிக்காக ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ செய்துகொண்டிருந்தது. ரோஜர்ஸ் சொன்னதோ டெட்ரிஸ். மேலிருந்து கட்டை விழும், அடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவருடைய வாதம் ஒரே வாக்கியம்: சின்னப் பையன்கள் மட்டும் வாங்கினால் போதுமென்றால் மாரியோவைக் கொடுங்கள், அப்பா அம்மாவும் வாங்க வேண்டுமென்றால் டெட்ரிஸைக் கொடுங்கள்.

கையடக்கப் பெட்டியில் எது சிறந்த கேம் என்று உலகம் முழுக்க நடக்கிற சண்டைக்கு இதைத்தான் முதல் சுற்று என்பேன். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. போன மாதம் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், வில்லியனூர் ரோட்டை ஒட்டிய ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் கையில் சீனாவிலிருந்து வந்த ஒரு சின்ன கேம் பெட்டி. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்தது. பேட்டரி மூடி உடைந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. சிலுவைப் பொத்தானின் கீழ்முனை மட்டும் தேய்ந்து பளபளத்தது. அதைப் பார்த்தாலே தெரியும், அதன் சொந்தக்காரரும் கட்டை அடுக்குகிறவர்தான்.

“அண்ணே, இதுல ஆயிரக்கணக்குல கேம் இருக்கு. நீங்க என்னடான்னா அதையே போட்டு அடுக்கிக்கிட்டு இருக்கீங்க” என்றான் வேலை பார்க்கிற பையன்.

“மிச்சத்தை நீ ஆடு தம்பி. எனக்கு இது போதும்.”

“போக்கிமான் ஒரு தடவை ஆடிப் பாருங்கண்ணே. அதுக்கப்புறம் இதைத் தொடமாட்டீங்க.”

“அதுல பக்கம் பக்கமா இங்கிலீஷ் வருதுடா. நான் படிக்கிறதுக்குள்ள ரெண்டு கஸ்டமர் வந்துட்டுப் போயிடுவான். இது பாரு, ஆள் வந்தா நிறுத்தலாம், போனா ஆடலாம்.”

பையன் விடவில்லை. கதையே இல்லாதது எப்படி நல்ல கேம் ஆகும் என்றான். நியாயமான கேள்வி. 1996-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான், ஏழு வயது முற்றிப்போயிருந்த கேம் பாய்க்கு மறுபடி உயிர் கொடுத்தது. இரண்டு பெட்டிகளை வயரால் இணைத்து 151 பிராணிகளையும் நண்பனோடு பண்டமாற்று செய்ய வைத்தது. சடோஷி தஜிரியின் அந்தக் கதைக்குத் தனியாகச் சில வாரங்கள் தேவை. ஆனால் என் ஓட்டு கடைக்காரருக்கு. கையில் வைத்து ஆடுகிற கேம் என்றால், வேலைக்கு நடுவே எடுக்கவும் வைக்கவும் தோதாக இருக்க வேண்டும். வீட்டில் டிவி முன்னால் சம்மணமிட்டு ஆடுவதற்கு வேறு கேம்கள் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊரில் என் வயதுக்காரர்களைக் கேட்டால் பாதிப் பேர் டெட்ரிஸ் என்பார்கள், ஆனால் கேம் பாயைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் அதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர் வீடு. 1962-இல் புதுச்சேரியை இந்தியாவோடு இணைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். கோடை விடுமுறைக்கு வரும் பாரீஸ் மாமாவின் பெட்டியில் சாக்லேட், சென்ட்டு பாட்டிலோடு அதுவும் வந்தது. பிரான்ஸில் கேம் பாய் விற்பனைக்கு வந்தது 1990-இல். நமக்கெல்லாம் வாய்த்தது பிரிக் கேம். சென்னை போனால் பர்மா பஜார், இங்கேயே என்றால் காந்தி வீதி சண்டே மார்க்கெட். அட்டையில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும், ஆடிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். குறுக்கே 10 கட்டம், நெடுக்கே 20 கட்டம், இரண்டு பேட்டரி, காதைக் குடைகிற பீப் சத்தம். யார் கண்டுபிடித்தது, யாருக்கு உரிமை என்பதெல்லாம் அந்த அட்டையில் இருக்காது.

அந்த உரிமைதான் இந்த வாரத்துக் கதை.

அலெக்ஸி பஜித்னோவ் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாடமியின் கணினி மையத்தில் வேலை பார்த்தவர். 1984-இல் எலெக்ட்ரோனிகா 60 என்ற கம்ப்யூட்டரில் டெட்ரிஸை எழுதினார். அதில் படம் வரையவே வழி கிடையாது. அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத்தான் கட்டைகளை உண்டாக்கினார். முதலில் ஐந்து சதுரங்கள் சேர்ந்த கட்டைகளை நினைத்தார், 12 வகை வந்தது, சிக்கல். நான்காகக் குறைத்தார், ஏழே வகை. ஆனால் சில நொடியில் திரை நிரம்பி ஆட்டம் முடிந்துபோனது. நிரம்பிய வரிசை மறைந்துவிடட்டும் என்று வைத்தார். அங்கே பிடித்தது அந்தப் பைத்தியம். வாதிம் கெராசிமோவ் என்ற பதினாறு வயதுப் பையன் அதை ஐபிஎம் கம்ப்யூட்டருக்கு மாற்ற, பிளாப்பி பிளாப்பியாகப் பிரதி எடுத்து மாஸ்கோ முழுக்க ஆடினார்கள். பஜித்னோவுக்கு ஒரு ரூபிள் வரவில்லை. சோவியத் நாட்டில் அதைக் கேட்பதற்கும் வழியில்லை. (அவருக்கு முறையாகப் பணம் வரத் தொடங்கியது 1996-க்குப் பிறகுதான்.)

1986-இல் லண்டன் வியாபாரி ராபர்ட் ஸ்டைன் புடாபெஸ்ட்டில் இதைப் பார்த்துவிட்டு மாஸ்கோவுக்கு டெலெக்ஸ் அடித்தார். விருப்பம்தான், பேசலாம் என்கிற மாதிரி பஜித்னோவ் பதில் அனுப்பினார். பேசலாம் என்பதை ஸ்டைன் விற்றாயிற்று என்று எடுத்துக்கொண்டார்! கையெழுத்தே ஆகாத சரக்கை பிரிட்டனில் மிரர்சாஃப்ட்டுக்கு விற்றார். மிரர்சாஃப்ட் அதை அட்டாரி கேம்ஸுக்குத் தள்ளியது. அட்டாரியிடமிருந்து ஜப்பானில் டிவியில் மாட்டி ஆடும் உரிமையை வாங்கியவர்தான் நம் ரோஜர்ஸ். 1988 டிசம்பரில் நின்டென்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்கு டெட்ரிஸ் கேசட் போட்டார், நன்றாகவே விற்றது. அடிவேர் மாஸ்கோவில் இருக்கிறதா என்று அதுவரை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

அரகாவா சரி என்றதும் ரோஜர்ஸ் கையடக்கப் பெட்டிக்கான உரிமையைக் கேட்டு ஸ்டைனிடம் போனார். ஸ்டைன் இழுத்தடித்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1989 பிப்ரவரியில் டூரிஸ்ட் விசாவில் மாஸ்கோவுக்கு விமானம் ஏறிவிட்டார் ரோஜர்ஸ். யாரும் அழைக்கவில்லை. டூரிஸ்ட் விசாவில் போய் வியாபாரம் பேசுவது அந்த நாட்டில் குற்றம். மொழிபெயர்க்க ஒரு பெண்ணை அமர்த்திக்கொண்டு, வெளிநாட்டுக்கு சாஃப்ட்வேர் விற்கும் அரசு நிறுவனமான எலோர்கின் கதவைத் தேடிப்பிடித்துத் தட்டினார்.

எலோர்கில் இந்த விவகாரத்தைக் கையில் வைத்திருந்தவர் நிகோலாய் பெலிகோவ். கேம் வியாபாரம் தெரியாத அதிகாரிதான், ஆனால் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் இவர். ஒரே பெண்ணைப் பார்க்க ஒரே வாரத்தில் மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து, ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் மூன்று அறைகளில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? அந்த வாரம் எலோர்கில் அதுதான் நடந்தது. ரோஜர்ஸ் வந்த அதே சமயத்தில் லண்டனிலிருந்து ஸ்டைன் வந்தார். அதே சமயத்தில் மிரர்சாஃப்ட் சார்பில் கெவின் மேக்ஸ்வெல் வந்தார். ‘டெய்லி மிரர்’ பத்திரிகையின் முதலாளியும் கோர்பச்சேவ் வரை போய்வரக் கூடியவருமான ராபர்ட் மேக்ஸ்வெல்லின் மகன்.

முதலில் ரோஜர்ஸ். தான் எவ்வளவு ஒழுங்கானவன் என்று காட்டுவதற்காகத் தன் ஃபாமிகாம் கேசட்டை எடுத்துப் பெருமையாக மேஜைமேல் வைத்தார். பெலிகோவின் முகம் மாறியது. இதை விற்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? நாங்கள் கொடுத்தது கம்ப்யூட்டருக்கு மட்டும்தானே!

ரோஜர்ஸுக்கு வயிற்றைக் கலக்கியது. ஜப்பானில் கடை கடையாக விற்றுக்கொண்டிருக்கிற சரக்கு திருட்டுச் சரக்கு என்று அந்த நிமிடம்தான் தெரிகிறது. வேறொருவராக இருந்தால் வக்கீலைக் கூப்பிட்டிருப்பார், இல்லை விமான நிலையத்துக்கு ஓடியிருப்பார். இவர் தனக்குத் தெரிந்த அத்தனையையும் கொட்டினார்: யாரிடம் வாங்கினேன், அவர் யாரிடம் வாங்கினார், இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று எல்லாம். விற்றதற்கு உரிமைத்தொகை தருகிறேன் என்று செக்கும் எழுதினார். அந்த அறையில் பஜித்னோவும் இருந்தார். கேம் செய்கிற இன்னொரு மனிதரைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று தொடங்கிய சிநேகிதம் இன்றைக்கும் தொடர்கிறது.

அடுத்து ஸ்டைன். அவரிடம் பெலிகோவ் ஒரு திருத்த ஒப்பந்தத்தை நீட்டினார். இதில் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு பேச்சு. பணம் தாமதமானால் இவ்வளவு அபராதம் என்ற பகுதி ஸ்டைனின் கண்ணை உறுத்தியது. அதைப் பார்த்துப் பொருமிக்கொண்டே, இன்னொரு வரியைத் தாண்டிப் போய்விட்டார். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்பதற்கு அந்த வரி விளக்கம் சொன்னது: பிராசஸர், மானிட்டர், டிஸ்க் டிரைவ், கீபோர்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் இவையெல்லாம் கொண்டது.

டிவியில் மாட்டும் கேம் பெட்டியில் கீபோர்டு ஏது? கைக்குள் அடங்கும் பெட்டியில் டிஸ்க் டிரைவ் ஏது? ஸ்டைன் கையெழுத்துப் போட்டார். அவரும் அவர் கீழே வாங்கியவர்களும் விற்றுத் தள்ளியிருந்த பாதி உரிமைகள் அந்தப் பேனா முனையில் காணாமல் போயின. எது சிறந்த கேம் என்று ரசிகர்கள் எத்தனை காரணம் சொன்னாலும், கேம் பாயில் எது இருக்கும் என்பதை முடிவு செய்ததில் பெரிய பங்கு இந்த ஒரு வரிக்கு உண்டு.

மிச்சம் கெவின் மேக்ஸ்வெல். முப்பது வயது, விலை உயர்ந்த கோட்டு, அப்பாவின் பெயர் தரும் தைரியம். தங்கள் கம்பெனி யாருக்கு எதை விற்றிருக்கிறது என்கிற முழு விவரம் மட்டும் அவரிடம் இல்லை. பெலிகோவ் அதிகம் பேசவில்லை. ரோஜர்ஸ் விட்டுப்போன கேசட்டை மேஜைமேல் வைத்து, இது என்ன என்று கேட்டார்.

கெவின் அதைக் கையில் எடுத்தார். உரிமை விவரம் அச்சிட்ட இடத்தில் பொடி எழுத்தில் அவருடைய சொந்தக் கம்பெனியின் பெயர், மிரர்சாஃப்ட். எங்களுடையதுதான் என்று சொன்னால், வாங்காத உரிமையை விற்றதாக ஒப்புக்கொண்ட கணக்கு. எங்களுடையது இல்லை என்றால், இனி அந்த உரிமையைக் கேட்கவே முடியாது. பக்கத்து அறையில் ரோஜர்ஸ் ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

பெலிகோவ் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். கெவின் மேக்ஸ்வெல் வாயைத் திறந்தார்.

(தொடரும்)