காகிதத்தில் இல்லாத பாடம்: பம்பாயில் ஜாஸ் கற்ற கதை

நம் சங்கீத உலகில் 'கேள்வி ஞானம்' என்றொரு சொல் உண்டு. குருவிடம் முறையாக உட்கார்ந்து கற்காமல், கச்சேரியிலும் கோவில் நாகசுரத்திலும் பக்கத்து வீட்டு ரேடியோவிலும் கேட்டுக் கேட்டே ஒருவருக்கு வந்து சேர்ந்த ஞானம். "அவருக்கு எல்லாம் கேள்வி ஞானம்தான்" என்று நம் பெரியவர்கள் சொல்லும்போது அதில் கொஞ்சம் வியப்பும் இருக்கும். கொஞ்சம் மாற்றுக் குறைவு என்ற தொனியும் இருக்கும். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்த மொழியில் இந்தத் தயக்கம் ஏன் வந்ததோ தெரியவில்லை.

நாம் பிழைக்க வந்த இதே பம்பாயில் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கிறார்கள். அவர்கள் நோட்டேஷனில் புலிகள். எந்தத் தாளை முன்னால் வைத்தாலும் பார்த்தவுடன் வாசிப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் வளர்ந்து, தொழிலில் கால் ஊன்றிய பிறகு, ஜாஸ் என்ற புது இசைக்காக மறுபடியும் காதை மட்டும் நம்பி மாணவர்களாக உட்கார்ந்தார்கள். அவர்கள்தான் கோவாவிலிருந்து வந்த கலைஞர்கள்.

தேவாலயத்திலிருந்து தோபி தலாவ் வரை

1961 வரை கோவா போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. அங்கே தேவாலயத்தை ஒட்டிய பள்ளிகளில் இசையும் ஒரு பாடம். 'மெஸ்த்ரி' என்று அழைக்கப்பட்ட ஆசிரியர் சிறுவர்களுக்கு முதலில் ஸ்வரக் குறிப்பைப் படித்துப் பாடச் சொல்லித் தருவார். பிறகு பெரும்பாலும் வயலின். வழிபாட்டுக்கு வாசிக்க ஆள் வேண்டுமே, அதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. ஆனால் அதன் விளைவாக, நிலமோ பெரிய படிப்போ இல்லாத பல குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு தொழில் கிடைத்தது.

அந்தத் தொழிலோடு அவர்கள் பம்பாய்க்கு வந்தார்கள். தோபி தலாவ், மஜ்காவ் பகுதிகளில் ஒவ்வொரு கோவா கிராமத்துக்கும் 'கூட்' என்று ஒரு தங்குமிடம் இருந்தது. பெட்டியை வைக்க ஓர் இடம், பாய் விரிக்க ஓர் இடம், மாலையில் சேர்ந்து ஒரு ஜெபம். மாட்டுங்கா மெஸ்களையும், ஊர்க்காரர் ஒருவர் அறையில் ஆறு பேர் படுத்து எழுந்ததையும் கண்ட நம்மவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மௌனப்பட காலத்தில் திரைக்கு அருகே உட்கார்ந்து வாசிப்பது அவர்களுக்கு நல்ல வருமானம். 1931-ல் 'ஆலம் ஆரா' வந்தது. படமே பேச ஆரம்பித்துவிட்டது. அந்த வேலை போயிற்று. பிழைப்புக்கு மிஞ்சியவை ஓட்டல் நடன அரங்குகளும் கிளப்புகளும் சமஸ்தான பேண்டுகளும். அங்கே வந்து ஆடியவர்கள் கேட்டதோ அமெரிக்காவின் புது இசை.

1935: தாஜ் ஓட்டலில் ஒரு வயலின்காரர்

1935-ல் லியோன் அபி என்ற அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் தம் குழுவோடு தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்தார். அவரும் வயலின்காரர்தான் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி. அடுத்தடுத்து டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், பியானோ கலைஞர் டெடி வெதர்போர்ட் ஆகியோரும் இங்கே வாசித்தார்கள். வெதர்போர்ட் பிறகு கல்கத்தாவில் தங்கிவிட்டார். போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து வந்த ரூபன் சாலமன், செட்ரிக் வெஸ்ட் போன்றவர்கள் அங்கே அவர் குழுவில் இடம்பெற்றார்கள். 1945-ல் காலரா கண்டு அதே ஊரில் அவர் இறந்துபோனார்.

இவர்கள் வருவதற்கு முன்பே அமெரிக்க நடனப் பாட்டுகள் அச்சிட்ட தாள்களாகக் கப்பலில் இங்கே வந்துகொண்டிருந்தன. கோவாக் கலைஞர்கள் அவற்றை ஒரு புள்ளி பிசகாமல் வாசித்தார்கள். ஆனால் அதே பாட்டை இந்தக் கருப்பினக் கலைஞர்கள் வாசித்தபோது அது வேறொன்றாக ஒலித்தது. தாளில் எழுதாத ஏதோ ஒன்று அதில் இருந்தது.

என்ன அது? நம் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். தாளில் ஒரு அடிக்கு இரண்டு சம ஸ்வரங்கள் எழுதியிருக்கும். வாசிக்கும்போது அது சமமாக வராது. அடியை மூன்றாகப் பிரித்து முதல் ஸ்வரத்துக்கு இரண்டு பங்கு, இரண்டாவதற்கு ஒரு பங்கு என்று ஏறக்குறைய திஸ்ர நடையில் போகும். அதுவும் வேகத்துக்கு வேகம், ஆளுக்கு ஆள் மாறும். இதைத்தான் ஸ்விங் என்கிறார்கள். இன்னொன்று, காந்தாரம். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்று இழையும். பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. கமகத்தை ஸ்வரக் குறிப்பில் முழுசாக எழுத முடியுமா? தோடி காந்தாரத்தைத் தாளைப் பார்த்து யாராவது கற்றதுண்டா? அதே சங்கதிதான் இதுவும்.

ஆகவே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அரங்கில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்கு 78 சுழற்சி இசைத்தட்டுதான் வாத்தியார். ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம். ஊசியைத் தூக்கித் தூக்கி அதே நாலு வினாடியைத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்கக் கேட்கத் தட்டு தேயும், காது கூர்மையாகும்.

அல்டோனா கிராமத்தில் 1916-ல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ் இப்படித் தேறியவர்களில் பேர் பெற்றவர். 'சிக் சாக்லெட்' என்ற பெயரில் டிரம்பெட் வாசித்த அவரை 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்றே பம்பாய் அழைத்தது. அந்தப் பட்டத்திலேயே அவர் யாரைக் கேட்டுக் கற்றார் என்பது அடங்கியிருக்கிறது.

வளர்ந்த பிறகு கற்பது

நான் கர்நாடக வயலின் கற்றவன். நாற்பதைத் தாண்டிய பிறகு பாந்த்ராவில் ஒரு முதிய சாக்ஸபோன் கலைஞரிடம் ஒன்றரை வருஷம் போனேன். கோவாக்காரர், எங்கள் எல்லோருக்கும் 'அங்கிள்'. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்ததும், "அதை மூடு மேன். முதல்ல வாயால பாடு. வாய்ல வராதது விரல்ல எப்படி வரும்?" என்பார். ஒரு வாரத்துக்கு நாலே ஆவர்த்தனம்தான் பாடம். முதலில் கேட்க வேண்டும். பிறகு இசைத்தட்டோடு சேர்ந்து பாட வேண்டும். தட்டு இல்லாமல் பாட வேண்டும். அதற்கப்புறம்தான் வயலினைத் தொடலாம். கடைசியாக அதையே வேறு சுருதியில். நியூயார்க்கில் லென்னி டிரிஸ்டானோ என்ற பியானோ மேதையும் 1940-களிலிருந்து தம் மாணவர்களை இதே மாதிரி பெரிய கலைஞர்களின் வாசிப்பைப் பாடவைத்துத்தான் பழக்கினார் என்று பின்னால் அறிந்தேன்.

அங்கிளிடம் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. அதில் 16 என்று ஒரு வேகம். முப்பத்துமூன்றில் ஓட வேண்டிய எல்.பி. தட்டை அதில் போட்டால் பாதி வேகத்தில் ஓடும். சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஸ்வரம் மாறாது. தாறுமாறாக ஓடும் பிருகா ஒவ்வொரு மணியாகக் காதில் விழும். இன்று இதைக் கைபேசியே செய்து தருகிறது, சுருதியும் இறங்காமல்.

வளர்ந்தவர் புது இசை கற்பதில் ஒரு சங்கடம், கை ஏற்கெனவே ஒரு பாஷை பேசும். என் விரல் காந்தாரத்தைக் கண்டால் அசைக்கப் பார்க்கும். கோவாக்காரரின் கை தாளில் உள்ளபடி நேராக நிற்கப் பார்க்கும். ஆனால் ஒரு லாபமும் உண்டு. கேட்டது என்ன என்று பெயர் சொல்ல வளர்ந்தவரால் முடியும். 12 பார் ப்ளூஸ் என்பது 48 எண்ணிக்கை கொண்ட ஒரு சுழல். ஷட்ஜம், மத்யமம், பஞ்சமம் என்ற மூன்று தளங்களில் நின்று திரும்பும் என்று புரிந்ததும், கல்பனாஸ்வரம் பாடிப் பழகிய மனசுக்கு அது அந்நியமாக இல்லை. எங்கே புறப்பட்டாலும் எடுப்புக்கு வந்து சேரணும், அவ்வளவுதானே!

வயசாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு அமெரிக்காவின் வெஸ் மான்ட்கோமரியைச் சொல்வேன். கிட்டத்தட்ட 20 வயதில், சார்லி கிறிஸ்டியன் என்பவரின் இசைத்தட்டைக் கேட்டுத்தான் அவர் ஜாஸ் கிட்டாரில் இறங்கினார். பகலில் வேலை, இரவில் சாதகம். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக்கூடாதென்று மீட்டுபொறியை விட்டுக் கட்டைவிரலால் வாசிக்க ஆரம்பித்தார். அதுவே அவர் தனி முத்திரையாயிற்று. நோட்டேஷன் படிக்காமலே ஜாஸ் கிட்டாரின் சிகரங்களில் ஒருவரானார்.

காது திரும்பிப் பார்த்தபோது

கதையின் சிறப்பான பகுதி இனிமேல்தான். கோவாக் கலைஞர்கள் இப்படிப் பெற்ற காது இந்தித் திரையிசைக்குப் பெரிய மூலதனமாயிற்று. இசையமைப்பாளர்களில் பலர் நம் மரபில் வந்தவர்கள். மெட்டை ஆர்மோனியத்தில் வாசிப்பார்கள், அல்லது வாயால் பாடிக் காட்டுவார்கள். அதைக் கேட்ட மாத்திரத்தில் எழுதி, எந்த வாத்தியம் எங்கே வரணும் என்று பிரித்து, நாற்பது ஐம்பது பேருக்குத் தாளாகக் கொடுத்தவர்கள் இவர்களே. தாளிலிருந்து காதுக்குப் போனவர்கள், காதிலிருந்து தாளுக்கு ஒரு பாலம் கட்டினார்கள். இரண்டும் தெரிந்தவர்கள் அன்று வேறு யார் இருந்தார்கள்?

சி. ராம்சந்திராவிடம் சிக் சாக்லெட் பணியாற்றினார். 1951-ல் வந்த 'அல்பேலா' பாட்டுகளில் ஜாஸ் துள்ளுகிறது. 1958-ல் நம் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கு இசை தந்தவரும் இதே ராம்சந்திராதான். தேசப் பிரிவினைக்கு முன் லாகூரில் பேண்ட் நடத்திய செபாஸ்டியன் டி'சோசா, சங்கர்-ஜெய்கிஷனின் பாட்டுகளுக்கு வாத்திய அமைப்புச் செய்தார். மஜோர்தா கிராமத்து அந்தோணி கொன்சால்வஸ், பின்னாளில் லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் இரட்டையராகப் பேர் பெற்ற பியாரேலாலுக்கு வயலின் குரு. 1977-ல் வந்த 'அமர் அக்பர் ஆண்டனி' பாட்டில் குருவின் பெயரைச் சிஷ்யர் நிலைநிறுத்தினார். நாடே அந்தப் பெயரைப் பாடியது. அப்படி ஒரு மனிதர் நிஜமாகவே இருக்கிறார் என்று பலருக்குத் தெரியாது. 2012-ல் அவர் காலமானார்.

படத்தின் எழுத்து ஓடும்போது இவர்களுக்குப் பெரும்பாலும் 'உதவி' என்ற இடம்தான். பலருக்கு அதுவும் இல்லை. காதால் கற்றதற்குச் சான்றிதழ் கிடையாது. ஓட்டல்களில் இரவு இரவாக வாசித்ததில் பதிவானது சொற்பம்.

கேள்வி ஞானம் எவ்வளவு தூரம் கொண்டுசேர்க்கும் என்பதற்கு 1980-ம் வருஷப் பம்பாய் ஜாஸ் விழாவே சாட்சி. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி அதில் கர்நாடக கமகத்தை வரவழைத்த கத்ரி கோபால்நாத் அங்கே வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த கலிபோர்னியா கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் மேடையேற அனுமதி கேட்டார். இருவருக்கும் பொதுவான தாள் எதுவும் இல்லை. காது இருந்தது, போதுமானதாகவும் இருந்தது.

இந்த நகரத்தின் பழைய கட்டடங்களில் அந்தத் தலைமுறையின் கடைசிச் சிலர் இன்னும் இருக்கிறார்கள். நம் சங்க அன்பர்களில் யாருக்காவது அப்படி ஒருவர் அண்டை வீட்டுக்காரராக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய் உட்காருங்கள். யாரைக் கேட்டுக் கற்றார், எந்தத் தட்டு, எந்த அரங்கு என்று விசாரித்துக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். நாளைக்கு இந்த வரலாற்றை எழுத வருபவருக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.