பாடி மாறினாலும் அதே வண்டியா? 'ஓல்டு நம்பர் ஒன்' பென்ட்லி வழக்கு

சரக்கு கைக்கு வந்ததும் வியாபாரி கேட்கும் முதல் கேள்வி, "இது அசல்தானா?" என்பதே. பித்தளை விளக்கோ பட்டுப்புடவையோ என்றால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய பந்தயக் கார் விஷயத்தில் அது நடக்காது. 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றமே இந்தக் கேள்வியை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

வழக்குக்குக் காரணமான வண்டி இங்கிலாந்தின் பென்ட்லி கம்பெனி செய்த 'ஸ்பீடு சிக்ஸ்'. 'ஓல்டு நம்பர் ஒன்' என்பது அதன் செல்லப்பெயர். பிரான்சில் நடக்கும் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 என இரண்டு ஆண்டும் முதலிடம் பெற்றது. முதல் ஆண்டு உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்க்கினும் ஓட்டினார்கள். மறு ஆண்டு பர்னாட்டோவும் க்ளென் கிட்ஸ்டனும்.

நம் ஊரில் லாரி சேஸிஸ் வாங்கி, தனியே பாடி கட்டுகிறோம் அல்லவா? அக்காலத்துக் கார்களுக்கும் அதே முறைதான். அந்தப் பாடி எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பந்தய விதி தீர்மானித்தது. ஜனங்கள் ஓட்டும் வண்டியைச் சோதிப்பதே லெமானின் நோக்கம். ஆகவே பெரிய வண்டிகளுக்கு நாலு இருக்கை, மட்கார்டு, விளக்கு எல்லாம் கட்டாயம். ஆள் இல்லாத இருக்கைகளுக்கு ஈடாகப் பாரமும் ஏற்ற வேண்டும். 1920-களின் நடுவில், துணிக்கூரையை விரித்துக்கொண்டே முதல் சில சுற்றுகளை ஓட்டவேண்டும் என்ற விதிகூட இருந்தது!

இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸில் கதை வேறு. 1907-இல் திறந்த அந்தக் கான்கிரீட் பாதையில் நடந்த 500 மைல் பந்தயத்துக்கு வேகம் ஒன்றே குறி. விளக்கு எதற்கு, பின்னிருக்கை எதற்கு? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒடுங்கிய பாடி கட்டினார்கள். 1931-இல் அப்படியே வென்றது. மறு ஆண்டு 8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். அந்த 1932 பந்தயத்தில் சாய்ந்த பாதையின் விளிம்பைத் தாண்டி வண்டி பறந்ததில், ஓட்டிய க்ளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பிறகு அதையே செப்பனிட்டு, சாலையில் ஓட்டக் கூரையுள்ள கூப்பே பாடி கட்டினார்கள். வெகுகாலம் கழித்து, லெமான் காலத்தை ஒத்த திறந்த பாடி மீண்டும் ஏறியது.

இது பென்ட்லியோடு நின்ற பழக்கமல்ல. இத்தாலியின் ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36 தான் செய்யப்பட்டன. அதன் பிரிவுக்கு 100 வண்டி வேண்டும் என்பது விதி. முந்தைய 250 ஜிடி-யின் மாறிய வடிவம் என்று கணக்குக் காட்டி 1962-இல் அனுமதி வாங்கினார்கள். 1964-இல் புது பாடி வந்தபோது, பழைய வண்டிகள் நான்கும் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டன.

வழக்குக்கு வருவோம். ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட கம்பெனி, 'இது அசல் ஓல்டு நம்பர் ஒன் இல்லை' என்று பின்வாங்கியது. வெற்றி பெற்ற காலத்துப் பாகங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தது உண்மை. நீதிபதி ஆட்டன் நிதானமாக ஆராய்ந்தார். 'அசல்' என்ற சொல் இதற்குப் பொருந்தாது. ஆனால் இது நகலும் அல்ல. இடையறாத வரலாறு உடையதால் அந்தப் பெயருக்கு உரிய மெய்யான வண்டி இதுவே என்றார். வாங்கியவர் பணம் தர வேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோது எங்கள் சமண ஆசாரியர் சமந்தபத்திரர் நினைவுக்கு வந்தார். பொன்குடத்தை உருக்கி மகுடம் செய்தால் குடம் அழிகிறது, மகுடம் பிறக்கிறது, பொன் நிலைக்கிறது என்று 'ஆப்தமீமாம்சை'யில் அவர் விளக்குகிறார். தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒரே பொருளில் ஒருங்கே உண்டு என்பது கருத்து. ஆனால் இந்த வண்டியில் பொன்னே மாறிவிட்டதே! இரும்பு போனது, மரம் போனது, எஞ்சினும் போனது. நிலைத்தது எது? விட்டுப்போகாத தொடர்ச்சி ஒன்றுதான்.

அதற்குச் சாட்சி, பந்தயப் பதிவுகளும் பட்டறைக் குறிப்புகளும் போட்டோக்களும். ஆகவே பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1929-இன் அழகுக்குத் திருப்பும்போது 1932-இன் தடயம் அழிகிறது. எதைக் கழற்றினோம், எதை மாட்டினோம் என்று அன்றே எழுதி வைப்பது நல்லது. பேரேடு சரியாக இருந்தால் பொருளும் மெய்யாக நிற்கும். ஏடு தொலைந்தால் எத்தனை பளபளப்பும் வெறும் சரக்குத்தான்.