'மாணவி' என்னும் சொல்லின் காவல்: தான்சானியாவில் பெண்கல்வியும் இளவயது மணமும்

ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் பெண்பிள்ளைகள் இளவயதிலேயே மணம் புரிவதற்கும் தாயாவதற்கும், அவர்கள் பெறும் பள்ளிக்கல்விக்கும் உள்ள உறவைப் பொதுப்படப் பேசுவது எளிது. ஆயின் ஆப்பிரிக்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்ட கண்டம். ஆதலின் இவ்வுரை தான்சானியா என்னும் ஒரு நாட்டின் வரலாற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

ஒரு வேர், இரு கல்வி

தான்சானியாவின் தென்கிழக்கில் வாழும் மக்கொண்டே, மக்குவா, யாவோ முதலிய இனத்தாரிடையே 'உன்யாகோ' என்னும் சடங்கு உண்டு. பருவமெய்தும் பெண்ணைத் தனித்திருக்கச் செய்து, மூத்த மகளிர் இல்லறநெறி கற்பிப்பர். இவ்வாறு கற்பித்தலைச் சுவாகிலி மொழி 'ஃபுண்டா' என்னும் வினையால் குறிக்கும். அதே வேரிலிருந்து பிறந்ததே மாணவரைக் குறிக்கும் 'ம்வானாஃபுன்சி' என்னும் சொல்லும். பள்ளியைக் குறிக்கும் 'ஷூலே' ஜெர்மானியர் ஆட்சிக்காலத்தில் அவர்தம் மொழியிலிருந்து வந்தது. கல்வியைக் குறிக்கும் 'எலிமு' அரபு வழிவந்தது; நாம் மலாய் மொழியில் அறிந்த 'இல்மு' அதன் உடன்பிறப்பு.

இச்சொற்கள் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. பள்ளி வெளியிலிருந்து வந்ததேயன்றிக் கற்பித்தல் அம்மக்களுக்குப் புதிதன்று. ஆனால் இரண்டு கல்விகளும் ஒரே பெண்ணை இருவேறாகக் கண்டன. சடங்கு முடிந்தவள் மணத்திற்கு ஆயத்தமானவள். பள்ளிக்கோ அவள் இன்னும் குழந்தை.

ஏழாம் வகுப்பு என்னும் வாயில்

1961இல் விடுதலை பெற்ற தங்கனீக்கா, 1964இல் சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆயிற்று. 1967இல் அதிபர் ஜூலியஸ் நைரேரே தற்சார்புக் கல்விக் கொள்கையை வெளியிட்டார். 1974ஆம் ஆண்டின் முசோமா அறிவிப்பு, அனைவருக்கும் தொடக்கக்கல்வி என்னும் இலக்கை விரைவுபடுத்தியது. சிற்றூர்தோறும் பள்ளிகள் எழுந்தன, சுவாகிலியே பயிற்றுமொழி. பெண்பிள்ளைகள் பெருந்தொகையாக வகுப்பறைக்குள் வந்தனர்.

ஆயினும் ஏழாம் வகுப்பின் இறுதித் தேர்வு குறுகிய வாயிலாயிற்று. இடைநிலைப்பள்ளி இடங்கள் மிகச் சில; அங்குப் பயிற்றுமொழியும் ஆங்கிலமாக மாறியது. தேர்ச்சியுறாத பெண் அன்றுமுதல் மாணவியல்லள். வயல்வேலையும் வீட்டுவேலையும் காத்திருந்தன. மணமகன் வீட்டார் தரும் 'மஹாரி'யும் காத்திருந்தது. இச்சொல்லும் தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் 'மஹர்' என்பதும் ஒரே அரபு மூலத்தைச் சேர்ந்தவை. எனினும் அங்குப் பல சமூகங்களில் அப்பொருள் பெண்ணின் பெற்றோரைச் சேர்கிறது. வறிய குடும்பத்திற்கு அது சிறு பொருளன்று.

2004க்குப் பின் வட்டாரந்தோறும் இடைநிலைப்பள்ளிகள் கட்டப்பட்டன. எனினும் தொலைவு முற்றும் நீங்கவில்லை. நெடுந்தொலைவு நடப்பதும், பள்ளியருகே வாடகை அறைகளில் துணையின்றித் தங்குவதும் பெண்பிள்ளைகளை ஆபத்துக்கு உள்ளாக்கின.

சட்டத்தின் இருமுகம்

1971ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஆணுக்கு 18 வயதையும், பெண்ணுக்குப் பெற்றோர் இசைவுடன் 15 வயதையும் வரையறுத்தது. 2016இல் திருத்தப்பட்ட கல்விச் சட்டமோ, பள்ளி மாணவியைக் கருவுறச் செய்பவருக்கு 30 ஆண்டுச் சிறை விதித்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும்: பதினைந்து வயதுப் பெண்ணைக் காத்தது அவளுடைய வயதன்று, 'மாணவி' என்னும் பெயரே. அப்பெயரை இழந்தவள் அக்காவலையும் இழந்தாள்.

மறுபுறம், கருவுற்ற மாணவியிடமிருந்து அப்பெயரைப் பறித்ததும் பள்ளியே. 2002ஆம் ஆண்டு விதிகள் ஒழுக்கக்கேட்டையும் திருமணத்தையும் பள்ளிநீக்கத்திற்குரிய காரணங்களாகக் கொண்டன. கருவுறுதல் ஒழுக்கக்கேடாகவே கொள்ளப்பட்டது. 2017இல் அதிபர் ஜான் மகுஃபுலி இத்தடையைப் பொதுமேடையில் உறுதிப்படுத்தினார்.

மாற்றம் இரு வழிகளில் வந்தது. ரெபேகா கியூமி என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், திருமண வயதுப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என 2016இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2021 நவம்பரில், அதிபர் சமியா சுலுஹு ஹசனின் ஆட்சியில், மகப்பேற்றுக்குப் பின் பெண்கள் பள்ளிக்குத் திரும்பலாம் என அரசு அறிவித்தது.

காரணமும் விளைவும்

2015-16ஆம் ஆண்டின் தேசிய மக்கள்நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களுள் 27 விழுக்காட்டினர் தாயாகியிருந்தனர் அல்லது கருவுற்றிருந்தனர். பள்ளியே செல்லாதவரிடையே இது 52 விழுக்காடு. இடைநிலைக் கல்வி எய்தியவரிடையே 10 விழுக்காடு.

கல்வியின்மையே இதற்கு முழுக் காரணம் என்று உடனே முடிவுகட்டலாகாது. வறுமை பள்ளியையும் தடுக்கும்; மணத்தையும் விரைவுபடுத்தும். கருவுற்றதால் பள்ளியை விட்டவர் உண்டு; பள்ளியை விட்டபின் கருவுற்றவரும் உண்டு. ஆயினும் தான்சானிய வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பாடப்பொருள் மட்டுமன்று, பள்ளியில் தொடர்ந்து இருத்தலே பெண்ணுக்கு ஒரு நிலையைத் தருகிறது. அவள் குழந்தை என்பதை ஊரும் சட்டமும் ஏற்பதற்கு அந்நிலையே சான்றாயிற்று.

ஆகவே திரும்பி வரலாம் என்னும் அறிவிப்பு தொடக்கமே. கைக்குழந்தையை யார் பார்ப்பது, தொலைவை எவ்வாறு கடப்பது, ஏழாண்டு சுவாகிலியில் கற்றவள் ஆங்கில வகுப்பில் எவ்வாறு வாய்திறப்பது என்பன விடைவேண்டும் வினாக்கள். இவற்றுள் இறுதி வினா மொழியாசிரியர்க்கு உரியது. பாடம் விளங்காமல் பின்வரிசையில் வாளாவிருக்கும் மாணவியே பள்ளியை விட்டு முதலில் நீங்கக்கூடியவள். அவளுக்குப் பாடத்தை விளங்கச்செய்வது மொழிப்பணி மட்டுமன்று. அவளை 'மாணவி' என்னும் காவலுக்குள் நிறுத்தும் பணியும் ஆகும்.